பாப்-அப் கூரையின் கேன்வாஸில் தண்ணீர் இறங்குகிறது, இரண்டு கோட் அடித்தும் நிற்கவில்லை

மழைவண்டி (லீட்ஸ்), செப்டம்பர் 14

வணக்கம். எங்களிடம் இருப்பது 1999 மாடல் ஃபோக்ஸ்வேகன் டி4. சாதாரண சரக்கு வேனாக இருந்ததை யாரோ பிற்பாடு கேம்பர்வேனாக, அதாவது உள்ளேயே படுத்துத் தூங்கும் வண்டியாக, மாற்றியிருக்கிறார்கள். கூரை பின்பக்கம் கீல் வைத்து முன்பக்கம் தூக்கும் வகை. பக்கவாட்டுத் துணி பருத்தியும் பாலியஸ்டரும் கலந்த கேன்வாஸ்.

போன வாரம் லேக் டிஸ்ட்ரிக்டில் பாரோடேல் பள்ளத்தாக்கில் இரண்டு இரவு தங்கினோம். இரண்டு இரவும் மழை. மேல் படுக்கையில் படுத்திருந்த மகள் விடிகாலை நான்கு மணிக்கு எழுப்பினாள். தலையணை நனைந்திருந்தது, மெத்தையின் இடது முன்மூலை ஊறிப் போயிருந்தது. மீதி இரவை நான்கு பேரும் கீழே நெருக்கியடித்துக் கழித்தோம்.

இது முதல் தடவை இல்லை. ஜூன் மாதமே ஒழுகியது. அப்போது கேம்பிங் கடையில் கிடைக்கும் சிலிக்கோன் நீர்காப்புத் திரவம் வாங்கி இரண்டு கோட் அடித்தேன். இப்போது மூன்றாவது கோட் அடிப்பதா, கேன்வாஸையே மாற்றிவிடுவதா? புதிது போட சில நூறு பவுண்டு ஆகும். அந்தப் பணத்தைச் செலவழித்துவிட்டு மறுபடியும் ஒழுகினால் தாங்காது.

கித்தான்கடை (பர்மிங்ஹாம்), செப்டம்பர் 14

மூன்றாவது கோட் வேண்டாம். எதையும் வாங்கவும் வேண்டாம். இருபது வருடம் வண்டி சீட், டாப், கித்தான் தையல் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், ஒழுகும் கேன்வாஸோடு வருகிற பெரும்பாலானவர்கள் தண்ணீர் எங்கே சொட்டுகிறது என்று பார்த்திருப்பார்கள். எங்கே நுழைகிறது என்று பார்த்திருக்க மாட்டார்கள். நுழையும் இடத்துக்கும் சொட்டும் இடத்துக்கும் நடுவே ஒரு மீட்டர்கூட இருக்கும்.

முதலில் சில கேள்விகள். மழை பெய்யாத குளிர் இரவில் ஈரம் வருகிறதா? காற்று எந்தப் பக்கம் இருந்து அடித்தது? கேன்வாஸின் மேல் தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாக உருளுகிறதா, துணி கறுத்து உறிஞ்சுகிறதா? மெத்தையோ தலையணையோ துணியைத் தொட்டுக்கொண்டு இருக்கிறதா? கீழ் விளிம்பு எப்படிப் பிடித்திருக்கிறது: ஸ்டேப்பிளா, திருகாணியா, அலுமினியத் தண்டவாளமா?

மழைவண்டி, செப்டம்பர் 15

நன்றி அண்ணா. தண்ணீர் தெளித்துப் பார்த்தேன், முத்தாகவே உருளுகிறது. மழையில்லாத இரவிலும் முன்பக்க உலோகச் சட்டத்தில் ஈரம் இருக்கும், ஆனால் மெத்தை ஊறும் அளவுக்கு இல்லை. காற்று இடது பக்கம் இருந்து. தலையணை துணியைத் தொட்டுக்கொண்டுதான் இருந்தது, அங்கே இடம் குறைவு. கீழ் விளிம்பில் ஸ்டேப்பிள் அடித்து, மேலே ஒரு பிளாஸ்டிக் பட்டை ஒட்டியிருக்கிறார்கள்.

கித்தான்கடை, செப்டம்பர் 15

அப்போ துணியின் பரப்பு நன்றாக இருக்கிறது. பரப்பில் அடித்த மருந்து அங்கே தன் வேலையைச் செய்கிறது. ஓட்டை வேறு எங்கோ. அதனால்தான் இரண்டு கோட்டும் பலன் தரவில்லை.

சிவப்புமண்சாலை (அடிலெய்ட்), செப்டம்பர் 15

தம்பி, எங்களுடையது டொயோட்டா ஹையேஸ், அதுவும் தூக்கும் கூரைதான். உங்கள் பதிவில் இரண்டு வேறு ஈரம் கலந்திருக்கிறது என்று தோன்றுகிறது. குளிர் இரவில் சட்டத்தில் வருவது மூச்சுக்காற்றின் ஈரமாக இருக்கலாம். நான்கு பேர் மூடிய வண்டிக்குள் தூங்கினால் அந்த நீராவி எங்கேயாவது போய்ப் படியத்தானே வேண்டும். குளிர்ந்த உலோகம்தான் அதற்கு முதல் இடம், அப்புறம் ஜன்னல், அப்புறம் கேன்வாஸ்.

பிரித்துப் பார்க்க எளிய வழி இருக்கிறது. உள்ளங்கை அளவு அலுமினியத் தாளை ஈரம் வரும் இடத்தில் உள்பக்கமாக ஒட்டுங்கள், நான்கு ஓரமும் டேப் போட்டு. காலையில் தாளின் அறைப்பக்கம் நனைந்திருந்தால் அது மூச்சு ஈரம். தாளுக்கும் துணிக்கும் நடுவே நனைந்திருந்தால் வெளியிலிருந்து வருகிறது. மூன்று நான்கு இடங்களில் ஒட்டுங்கள்.

இன்னொன்று, மழை நாளில் யாரும் படுக்காமல் கூரையை மட்டும் தூக்கி ஒரு இரவு விட்டுப் பாருங்கள்.

மழைவண்டி, செப்டம்பர் 19

அக்கா சொன்னபடி ஐந்து இடத்தில் ஒட்டினேன். நேற்று இரவு நானும் மகனும் வீட்டு வாசலிலேயே வண்டியில் படுத்தோம், நல்ல மழை. முன்பக்கச் சட்டத்துக்குப் பக்கத்தில் ஒட்டிய மூன்று தாளிலும் அறைப்பக்கம்தான் வியர்த்திருந்தது. இடது முன்மூலையில் கீழே ஒட்டியதில் மட்டும் துணிப்பக்கம் நனைந்திருந்தது. தாளைப் பிரித்ததும் ஒரு சின்னக் கோடாகத் தண்ணீர் இறங்கியது.

ஆக இரண்டுமே இருக்கிறது. மூன்று மாதமாக இதை ஒரே பிரச்சினை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கித்தான்கடை, செப்டம்பர் 19

அருமை. பாதி வேலை முடிந்தது.

மூச்சு ஈரத்துக்குக் காற்றோட்டம்தான் மருந்து. கேன்வாஸ் ஜன்னலின் ஜிப்பை இரண்டு விரல் அளவு திறந்து வையுங்கள், கீழேயும் ஒரு ஜன்னலைக் கொஞ்சம் இறக்குங்கள். காற்று கீழே நுழைந்து மேலே போக வேண்டும். உள்ளே சமைத்தால், குறிப்பாகக் கேஸ் அடுப்பில், ஈரம் இரட்டிப்பாகும். கேஸ் எரிந்தாலே நீராவி வரும், பாத்திரத்து ஆவி தனி.

தலையணை விஷயமும் இதில் சேரும். பருத்தி கலந்த துணி நனையும்போது அதன் இழைகளுக்கு நடுவே தண்ணீர் ஒரு படலமாக நின்றுவிடும், உள்ளே வராது. உள்ளிருந்து ஏதாவது அதைத் தொட்டால் தண்ணீர் தொட்ட பொருள் வழியாக உள்ளே இழுபடும். பழைய பருத்திக் குடையை மழையில் உள்பக்கம் விரலால் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், தொட்ட இடத்தில் சொட்டும். மகளின் தலையணை நனைந்ததற்கு அதுவும் ஒரு காரணம். மெத்தையை ஓரத்திலிருந்து நான்கு விரல் தள்ளிப் போடுங்கள், முடியாவிட்டால் நடுவே மூடிய செல் நுரைப்பட்டை வையுங்கள். தண்ணீரை உறிஞ்சாத நுரையாக இருக்க வேண்டும், ஸ்பாஞ்சு வேண்டாம்.

இப்போது மூலைக்கு வருவோம். தோட்டக் குழாய் சோதனை. நாள் முழுக்க காய்ந்த வண்டியில் செய்யுங்கள். உள்ளே ஒருவர் டார்ச்சோடு. கீழ் விளிம்பு முழுக்க, தையல்களின் கீழே, ஜிப்பின் கீழே டிஷ்யூ தாளை வரிசையாக ஒட்டிவிடுங்கள். டிஷ்யூவில் முதல் துளி பட்டதும் கறுக்கும், கண்ணுக்குத் தெரியாத கசிவும் தெரிந்துவிடும்.

தண்ணீரைக் கீழிருந்து தொடங்குங்கள். இது மிக முக்கியம். மேலிருந்து ஊற்றினால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனையும், எது ஓட்டை என்று தெரியாது. முதலில் கீழ் விளிம்பு மட்டும், ஒரு பக்கத்துக்குப் பத்து நிமிடம். வரவில்லையா, ஒரு சாண் மேலே. அப்புறம் மூலைத் தையல். அப்புறம் ஜிப். கடைசியாகக் கூரையும் கேன்வாஸும் சேரும் மேல் விளிம்பு. குழாயின் வாயை விரலால் அழுத்திப் பீய்ச்ச வேண்டாம், மழை போல விழட்டும். பிரஷர் வாஷரைக் கேன்வாஸ் பக்கமே கொண்டுபோக வேண்டாம், நீர்காப்பு போய்விடும், தையலும் தளரும்.

வடமலை (க்ளாஸ்கோ), செப்டம்பர் 19

இடையில் ஒரு கேள்வி. என்னுடையது கூரையைத் தூக்கி வைத்தால் ஒழுகுவதில்லை. மூடி ஓட்டும்போது மட்டும் பின் மூலையில் தண்ணீர் வருகிறது. இது கேன்வாஸ் பிரச்சினையா?

கித்தான்கடை, செப்டம்பர் 19

கூரையை இறக்கும்போது கேன்வாஸ் ரப்பர் சீலுக்கு வெளியே நாக்கு நீட்டுகிறதா பாருங்கள். ஒரு விரல் அகலம் வெளியே மாட்டினாலும் போதும், நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டும்போது விளக்குத் திரி எண்ணெய் இழுப்பது போலத் தண்ணீரை உள்ளே இழுக்கும். இறக்கும்போது ஒருவர் உள்ளே நின்று துணியை உள்பக்கம் இழுத்துவிட வேண்டும். கேன்வாஸைச் சுற்றி நடுவில் ஓடும் எலாஸ்டிக் கயிறு அதற்குத்தான், பழைய வண்டிகளில் அது தொய்ந்து போயிருக்கும். மாற்றிவிடுங்கள், மலிவானது. பக்கக் கதவை அல்லது ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு இறக்குங்கள். உள்ளே அடைபட்ட காற்றுதான் துணியை வெளியே தள்ளுகிறது.

வடமலை, செப்டம்பர் 20

எலாஸ்டிக் இருந்த தடயம் மட்டும் இருக்கிறது, கயிறே இல்லை. இன்றே போடுகிறேன். நன்றி.

மழைவண்டி, செப்டம்பர் 22

சோதனை முடிந்தது. மனைவி வெளியே குழாய், நான் உள்ளே டார்ச்.

கீழ் விளிம்பில் வலது பக்கம் பத்து நிமிடம், ஒன்றுமில்லை. முன்பக்கம் ஒன்றுமில்லை. இடது பக்கம் தொடங்கிய மூன்றாவது நிமிடத்தில் டிஷ்யூ கறுத்தது. மூலையிலிருந்து அரை மீட்டர் பின்னால் நுழைந்து, உள்ளே பிளைவுட் சட்டத்தின் மேல் ஓடி, மூலைக்கு வந்து சொட்டுகிறது. நீங்கள் சொன்னதேதான்.

பிளாஸ்டிக் பட்டையை உரித்துப் பார்த்தேன். ஸ்டேப்பிள் எல்லாம் துரு. ஒவ்வொரு ஸ்டேப்பிளைச் சுற்றியும் துணி பழுப்பாகி, சில இடங்களில் விரல் நகம் பட்டாலே கிழிகிறது. இரண்டாவது ஓட்டை மூலைத் தையலில். மேலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு நூலே இல்லை, துணி மடிப்பின் இறுக்கத்தில் மட்டும் நிற்கிறது.

படங்குத்தையல் (லண்டன், ஹாரோ), செப்டம்பர் 22

தம்பி, படம் இருந்தால் போடுங்கள். அந்த ஸ்டேப்பிள் வரிசை சட்டத்தின் எந்த முகத்தில் இருக்கிறது? வெளி முகத்திலா, மேல் முகத்திலா?

மழைவண்டி, செப்டம்பர் 22

மேல் முகத்தில் ஐயா. கேன்வாஸ் வந்து சட்டத்தின் மேல் உட்கார்ந்து, உள்பக்கம் மடிந்து, மேலிருந்து அடித்திருக்கிறது.

படங்குத்தையல், செப்டம்பர் 23

அதுதான் மூலம். மற்றது எல்லாம் பிறகு.

யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டில் அப்பா வள்ளங்களுக்கும் லொறிகளுக்கும் படங்கு, அதாவது கித்தான், தைத்தவர். சின்ன வயதில் வேலிக்கும் கூரைக்கும் ஓலை கட்டவும் கூடப் போவேன். ஓலை வேயும்போது இறவாரத்தில் தொடங்கி முகட்டுக்குப் போக வேண்டும். அப்போதுதான் மேல் ஓலை கீழ் ஓலையின் மீது படியும், தண்ணீர் ஒன்றின் மேலிருந்து ஒன்றின் மேல் விழுந்து வெளியே போகும். ஒரேயொரு ஓலையை மாற்றி வைத்தாலும் தண்ணீர் அந்த இடத்தில் உள்ளே திரும்பிவிடும். உங்கள் கேன்வாஸில் நடந்திருப்பது அதே. துணியில் வழிந்து வருகிற தண்ணீர் விளிம்பைத் தாண்டி வெளியே விழ வழியில்லை. சட்டத்தின் மேல் முகத்தில் தேங்கி, ஸ்டேப்பிள் ஓட்டைகளில் நின்று, உள்ளே இறங்குகிறது. புதிதாக எந்தக் கேன்வாஸை வாங்கினாலும் இதே இடத்தில் அடித்தால் இதே போல ஒழுகும்.

செய்ய வேண்டியது: கேன்வாஸின் கீழ் விளிம்பைச் சட்டத்தின் வெளி முகத்துக்குக் கொண்டுவந்து, மேல் முனையைத் தாண்டிக் குறைந்தது மூன்று சென்டிமீட்டர் கீழே இறக்கி, அங்கே அடிக்க வேண்டும். துருப்பிடித்த பகுதியை வெட்டினால் துணி நீளம் போதாது. அதே ரகத் துணியில் எட்டு சென்டிமீட்டர் அகலப் பட்டை வாங்கி, கீழே பாவாடை போலச் சேர்த்துத் தையுங்கள். சேர்க்கும்போது மேல் துணி பட்டையின் வெளியே படிய வேண்டும், ஓலை போல. ஸ்டேப்பிள் துருப்பிடிக்காத எஃகில் வாங்குங்கள், படகுக்காரர்கள் மோனல் என்ற கலப்பு உலோக ஸ்டேப்பிள் பாவிப்பார்கள், அது இன்னும் நல்லது. சாதாரண ஸ்டேப்பிள் இந்த ஊர் மழைக்கு நிற்காது.

பிளைவுட்டையும் வடிவாகக் குத்திப் பாருங்கள். ஊறிப் பஞ்சாகியிருந்தால் எந்த ஸ்டேப்பிளும் பிடிக்காது.

புதுச்சக்கரம் (ரீடிங்), செப்டம்பர் 23

இவ்வளவு வேலை தேவையா? நான் டென்ட்டுக்குப் போடும் யூரித்தேன் தையல் பசையை எல்லாத் தையலிலும் உள்பக்கமாகப் பூசினேன். இரவு முழுக்கக் காயவிட்டேன். இரண்டு வருடமாக ஒரு சொட்டு இல்லை.

கித்தான்கடை, செப்டம்பர் 23

உங்களுக்குப் பலித்ததில் வியப்பில்லை, நல்ல முறைதான் அது. நூல் உறுதியாக இருந்து ஊசித்துளை மட்டும் கசிந்தால் யூரித்தேன் போதும். இவருக்கு இரண்டு தடை இருக்கிறது. ஒன்று, நூலே இல்லை. பசை தையல் ஆகாது, கூரையை ஏற்றி இறக்கும் இழுப்பில் பிய்ந்துவிடும். இரண்டு, ஏற்கெனவே இரண்டு கோட் சிலிக்கோன் அடித்துவிட்டார். சிலிக்கோன் மேல் யூரித்தேன் ஒட்டாது, தோலாக உரிந்து வரும்.

வரிசை எப்போதும் இப்படித்தான்: கழுவுவது, தைப்பது, தையலை அடைப்பது, கடைசியில்தான் நீர்காப்பு. நீர்காப்பை முதலில் அடித்தவர்களுக்கு நடுவில் உள்ள இரண்டும் கஷ்டமாகிவிடும்.

வண்டியின் உடம்பில், இரும்பில், வீட்டுக் குளியலறைக்குப் பூசும் புளித்த வாடை வரும் சிலிக்கோனைப் போடாதீர்கள். அது காயும்போது அசிட்டிக் அமிலத்தை விடும், இரும்பு துருப்பிடிக்கும். அதன் மேல் பெயின்ட்டும் நிற்காது.

மழைவண்டி, செப்டம்பர் 24

அப்போ மூலைத் தையலை எப்படி அடைப்பது? கையால் தைக்க முடியுமா? கேன்வாஸைக் கழற்றாமல் செய்ய ஆசை.

கித்தான்கடை, செப்டம்பர் 24

முடியும். உங்கள் அளவுக்குக் கையால் தைப்பதே நல்லது.

செருப்புத் தைப்பவர் தைப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரே நூல், இரண்டு முனையிலும் ஊசி. ஒரே துளையில் ஒரு ஊசி வெளியிலிருந்து உள்ளே, இன்னொன்று உள்ளிருந்து வெளியே. உள்ளே ஒருவர், வெளியே ஒருவர் நின்றால் வேகமாகப் போகும். பழைய துளைகளிலேயே போங்கள், புதுத் துளை போட்டால் அதுவும் ஒரு ஓட்டை. ஊசி முனை உருண்டையாக இருக்கட்டும். தோல் தைக்கும் ஊசிக்குக் கத்தி முனை இருக்கும், அது கேன்வாஸின் இழையை அறுத்துவிடும்.

நூல்தான் இதில் பாதி. நடுவில் பாலியஸ்டர், மேலே பருத்தி சுற்றிய நூல் கேளுங்கள், கித்தான் தைப்பவர்களிடம் கிடைக்கும். பாலியஸ்டர் பலம் தரும், மேலே உள்ள பருத்தி நனைந்ததும் உப்பி ஊசித்துளையை அடைக்கும். அந்த நூலைத் தேன்மெழுகுக் கட்டியில் இரண்டு முறை இழுத்துவிட்டுத் தையுங்கள்.

தைத்து முடித்ததும் அதே மெழுகுக் கட்டியைத் தையலின் வெளிப்பக்கம் அழுத்தித் தேய்த்து, ஹேர் டிரையரைக் காட்டி உருக்குங்கள். மெழுகு துளைக்குள் இறங்கும். சிலிக்கோன் இருக்கும் துணியில் யூரித்தேனைவிட எனக்கு இதில்தான் நம்பிக்கை. வருடம் ஒருமுறை திரும்பச் செய்ய வேண்டியிருக்கும்.

படங்குத்தையல், செப்டம்பர் 24

அப்பா செய்ததும் இதுதான். நூலை மெழுகில் இழுக்காமல் ஊசியில் கோர்க்கவே விடமாட்டார்.

சிவப்புமண்சாலை, செப்டம்பர் 25

நூல் பற்றி எங்கள் பக்கத்து அனுபவம் ஒன்று. இங்கே மழையைவிட வெயில்தான் கேன்வாஸைக் கொல்கிறது. புற ஊதாக் கதிரில் துணிக்கு முன்னால் நூல் போய்விடும், பார்க்க நன்றாக இருக்கும், இழுத்தால் பொடியும். பிடிஎஃப்இ நூல் என்று ஒன்று இருக்கிறது, வெயிலில் கெடாது. விலை அதிகம், வழுக்கும், பருத்தி போல உப்பாது. வெயில் ஊர்க்காரர்கள் அதைப் பார்க்கலாம், இங்கிலாந்து மழைக்கு அண்ணன் சொன்ன நூல்தான் சரி.

புதுப் பட்டை தைத்ததும் உடனே மழைக்குப் போகாதீர்கள். பருத்திக் கேன்வாஸைப் பழக்க வேண்டும். குழாயால் நன்றாக நனைத்து, முழுக்கக் காயவிட்டு, மறுபடி நனைத்து, இப்படி மூன்று முறை. இழைகள் உப்பி ஊசித்துளைகளை மூடும். முதல் தடவை ஒழுகினால் பயப்பட வேண்டாம், மூன்றாவதில் நின்றுவிடும்.

வடமலை, செப்டம்பர் 25

கேன்வாஸில் கறுப்புப் புள்ளிகள் வந்திருந்தால் ப்ளீச் போடலாமா?

கித்தான்கடை, செப்டம்பர் 25

கூடாது. பூசணத்தின் கறை மங்கும், கூடவே பருத்தியும் நூலும் பலமிழக்கும், நீர்காப்பும் போகும். வெள்ளை வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, மென்மையான பிரஷ்ஷால் தடவி, ஒரு மணி நேரம் விட்டு அலசுங்கள். முன்னதாக ஒரு ஓரத்தில் சோதித்துப் பாருங்கள், சாயம் இறங்கக்கூடும். துணி துவைக்கும் பவுடர், பாத்திரம் கழுவும் திரவம் இரண்டும் வேண்டாம். அவற்றின் எச்சம் துணியில் தங்கித் தண்ணீரை உறிஞ்ச வைக்கும். கறை முழுக்கப் போகாது. உயிருள்ள பூசணம் போனால் போதும்.

நனைந்த கேன்வாஸை மடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தால் அன்றைக்கே, முடியாவிட்டால் மறுநாளாவது கூரையைத் தூக்கிக் காயவையுங்கள்.

மழைவண்டி, அக்டோபர் 20

நான்கு வாரம் கழித்து வருகிறேன். மூன்று சனி ஞாயிறு இதிலேயே போனது.

பிளைவுட் இடது பக்கம் அறுபது சென்டிமீட்டர் நீளத்துக்கு ஊறிப் போயிருந்தது. அதை வெட்டி எடுத்துப் புது மரைன் பிளை (படகுக்குப் போடும் பிளைவுட்) வைத்தேன். துருப்பிடித்த விளிம்பை வெட்டி, பாவாடைப் பட்டை சேர்த்து, வெளி முகத்தில் மூன்றரை சென்டிமீட்டர் கீழே இறக்கி அடித்தோம். மோனல் ஸ்டேப்பிள் படகுச் சாமான் கடையில் கிடைத்தது. மூலைத் தையலை நானும் மனைவியும் ஆளுக்கொரு பக்கம் நின்று தைத்தோம். முதல் பத்துத் தையல் கோணலாக வந்தது, பிரித்துவிட்டுத் திரும்பப் போட்டோம். அப்புறம் மெழுகு. அப்புறம் மூன்று முறை நனைத்துக் காயவைத்தோம். முதல் தடவை பட்டையின் தையலில் நான்கு இடத்தில் டிஷ்யூ கறுத்தது, இரண்டாவதில் ஒரு இடம், மூன்றாவதில் ஒன்றுமில்லை. கடைசியாகப் புதுப் பட்டைக்கு மட்டும் நீர்காப்பு.

போன வெள்ளிக்கிழமை வேண்டுமென்றே பாரோடேலுக்கே போனோம். அந்தப் பள்ளத்தாக்கின் தலைப்பில் இருக்கும் சீத்வெயிட்டில் வருடத்துக்குச் சுமார் 3,500 மில்லிமீட்டர் மழை, இங்கிலாந்தில் மக்கள் வசிக்கும் இடங்களிலேயே அதிகம் என்பார்கள். சோதிக்க அதைவிட நல்ல இடம் தெரியவில்லை. இரவு ஒன்பது மணிக்குத் தொடங்கிய மழை காலை ஆறு வரை விடவில்லை. கூரை முன்பக்கம் தூக்குவதால் பெரிய துணி முகம் முன்னால் இருக்கிறது, அதனால் இந்த முறை வண்டியின் பின்பக்கத்தைக் காற்றுக்குக் காட்டி நிறுத்தினேன். ஜிப் இரண்டு விரல் திறப்பு, கீழே ஜன்னல் கொஞ்சம் இறக்கம், மெத்தை ஓரத்தில் நுரைப்பட்டை.

இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் டார்ச் அடித்துப் பார்த்தேன். டிஷ்யூ எல்லாம் காய்ந்தே இருந்தது. மகள் ஏழரை வரை தூங்கினாள்.

ஒரே ஒரு சந்தேகம். முன் சட்டத்தில் இன்னும் லேசாக வியர்க்கிறது, துடைத்தால் போகும் அளவுதான்.

சிவப்புமண்சாலை, அக்டோபர் 20

படிக்கவே சந்தோஷமாக இருக்கிறது தம்பி. அந்தச் சட்டத்தில் மெல்லிய நுரை நாடாவோ கம்பளித் துணியோ ஒட்டுங்கள். குளிர்ந்த உலோகத்தில் உள்காற்று நேராகப் படாவிட்டால் வியர்ப்பு குறையும்.

படங்குத்தையல், அக்டோபர் 21

மனைவிக்கும் என் பாராட்டைச் சொல்லுங்கள். அடுத்த வருடம் மாரி தொடங்கும் முன் மெழுகு தேய்க்க மறக்க வேண்டாம். மிச்சத் துணிப்பட்டையைப் பத்திரமாக வைத்திருங்கள், வலது பக்க ஸ்டேப்பிளும் அதே வயதுதான்.

மழைவண்டி, அக்டோபர் 21

வலது பக்கத்தையும் இன்று உரித்துப் பார்த்தேன் ஐயா. துரு தொடங்கிவிட்டது, துணி இன்னும் கெடவில்லை. வருகிற சனிக்கிழமை அதையும் இறக்கி அடிக்கிறோம். பட்டை இரண்டு மீட்டர் மிச்சம் இருக்கிறது.